புழுக்காரக்கா

சிவகாசியில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் அவருக்குப் புழுக்காரக்கா என்று பெயர். எங்கள் பக்கத்தில் ‘ழ’ அத்தனை சுலபமாக நாக்கில் வராது. ஆகவே புளுக்காரக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கேட்டுவிட்டு எழுத வழியில்லை.

விருதுநகரிலிருந்து கல்யாணமாகி நான் அங்கே போனது இரண்டாயிரத்துக்கு அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில். என் வீட்டுக்காரர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினார். கம்ப்யூட்டர் படித்திருந்ததால் நானும் இன்னொரு பிரஸ்ஸில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தேன். காலண்டர், வெடி டப்பா லேபிள், கல்யாணப் பத்திரிகை, இதுதான் வேலை. வெம்பக்கோட்டை போகிற சாலையில் ஊர் முடிகிற இடத்தில் எங்கள் காம்பவுண்டு. ஒரே வரிசையாக வீடுகள், பின்னால் குளியலறைகள், அவற்றைத் தாண்டி மதில்வரைக்கும் கொஞ்சம் கரிசல் மண். அதில் யார் வேண்டுமானாலும் எதையாவது நட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுச் சொந்தக்கார அண்ணாச்சி சொல்லியிருந்தார். மற்றவர்கள் துணி காயப்போடக் கம்பு நட்டிருந்தார்கள். அக்கா மட்டும்தான் செடி நட்டிருந்தார்.

நான் முதல்முதலாக அவரைப் பார்த்தபோது ஓர் எலுமிச்சைக் கன்றின் முன்னால் குத்துக்காலிட்டு, முழங்கால்மேல் முகவாயை வைத்து உட்கார்ந்திருந்தார். கம்மலின் திருகாணி கிருகாணி விழுந்துவிட்டதோ என்று நினைத்துக் கிட்டே போனேன். இலைமேல் காக்கை எச்சம் மாதிரி என்னவோ இருந்தது. உற்றுப் பார்த்தால் அது நகர்ந்தது.

“ஐயய்யோ, புளு! தட்டிவிடுங்கக்கா.”

“இரு தாயி. பாத்துட்டுத் தட்டுவோம்.”

அவர் தட்டவே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் எச்சம் மாதிரி இருந்தவை பெருத்துப் பச்சையாயின. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, விரல் நுனியால் ஒன்றின் தலையை லேசாகத் தொட்டுக் காட்டினார். கழுத்துக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீண்டு வந்தது. கூடவே குப்பென்று ஒரு நெடி.

“பயங்காட்டுது பாரு. இதுகிட்ட இருக்கது இம்புட்டுத்தான்” என்று சிரித்தார்.

அந்தப் புழுக்கள் கன்றை மொட்டையாக்கிவிட்டன. பிறகு கறுப்பும் மஞ்சளுமாக வண்ணத்துப்பூச்சிகளாகி மதிலைத் தாண்டிப் போயின. “இப்ப என்னக்கா மிச்சம்?” என்று கேட்டேன். அக்கா கன்றைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “தளைஞ்சிரும்” என்றார். மழைக்குத் தழைந்தது உண்மை. ஆனால் காய்க்க ஒரு வருஷம் கூடுதலாகத்தான் ஆனது. அதையும் அவர் மறைக்கவில்லை. கேட்டவர்களிடம், “போன வருசக் காயைப் புளு தின்னுருச்சு” என்று சொல்லிவிடுவார்.

எதையும் கண்ணால் பார்த்து முடிக்காமல் அவர் வாயைத் திறக்க மாட்டார், கையையும் வைக்க மாட்டார். அவரைப் பற்றி எதை நினைத்தாலும் இந்தக் குணத்தில்தான் வந்து நிற்கிறேன். செடியிடம் மட்டுமல்ல. காம்பவுண்டில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருதரம்தான் வரும். குடத்தோடு வரிசையில் நிற்கும்போது ஊர்க்கதை எல்லாம் வரும். கடைசி வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண்ணை யாரோடோ பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக ஒருத்தி ஆரம்பித்தாள்.

“நீ பாத்தியா?” என்றார் அக்கா.

“எங்க மதினி பாத்தாளாம்.”

“அப்ப மதினி வரட்டும். கேட்டுக்கிருவோம். குடத்தை நகட்டு.”

இப்படிப்பட்டவரோடு யாருக்குப் பேச்சு ருசிக்கும்? அதனால் அவருக்குச் சிநேகிதிகள் அதிகம் இல்லை. நான் இருந்தேன். எனக்கு அவர்மேல் பிரியமும் எரிச்சலும் சம அளவில் இருந்தன.

அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினார். விரல்களில் எப்போதும் ஒரு சாம்பல் பூச்சு இருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. அவர் வீட்டுக்காரர் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் இருந்தார். பொங்கலுக்கு வருவார். ஒரே மகள் செல்வி. என்னிடம் ஒட்டிக்கொண்டு திரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை, நாங்கள் அங்கே இருந்த வருஷங்களிலேயே பிளஸ் டூ முடித்து, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

அக்காவின் தோட்டமும் பட்டாசுச் சீசனோடுதான் ஓடியது. ஆனி, ஆடி முதல் தீபாவளிவரை ஆர்டர் நெருக்கும். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். அந்த மாதங்களில் செடிகள் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஆடிக்காற்றில் ஆடித் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும். தீபாவளி முடிந்ததும் கம்பெனிக்குப் பூட்டு. அப்போது பார்த்து ஐப்பசி மழையும் வரும். ஊரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் அக்காவுக்கு வேலை. கத்தரி, அவரை விதைகள் ஊன்றுவார். முருங்கைக் கம்பு நடுவார். மதிலோரம் தானாக முளைத்த தும்பை, மூக்குத்திப்பூ, சங்குப்பூ எதையும் பிடுங்க மாட்டார். பாம்பு வந்து அடையும் என்று அண்ணாச்சி சத்தம் போடுவார். அது நியாயமான பயம். அக்கா நடக்கிற வழியை மட்டும் செதுக்கிவிட்டு, “மிச்சத்தை விதை உதிரவும் எடுத்துருதேன் அண்ணாச்சி. இப்ப அதுல தேனீ நிக்குது” என்பார். விதை உதிர்ந்து முடிக்க பங்குனி ஆகிவிடும்.

பூச்சிகளுக்கு அவரே பெயர் வைத்துக்கொள்வார். அவரை இலையின் அடியில், முடி மாதிரி நூல் நட்டு அதன் நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்தாற்போல வரிசையாக ஏதோ இருந்தது. என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. முடிமுட்டை என்றார். சில நாள் கழித்து அந்த முட்டையிலிருந்து வந்த சின்னப் பூச்சி அவரைக்கொழுந்தில் அடைந்து சாற்றைக் குடித்துக்கொண்டிருந்த அசுவினியைப் பிடித்து உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். நான் அடுப்பில் குழம்பை வைத்திருந்தேன்.

“தாயி, முடிமுட்டை நம்ம ஆளு!”

இன்னொரு தடவை, குளவி ஒன்று பச்சைப்புழுவைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு குளியலறைச் சுவரில் இருந்த மண்கூட்டுக்குப் போவதைப் பார்ப்பதற்காக, சோப்புப் போட்ட துணியை வாளியோடு விட்டுவிட்டார். துணி சாயம் போய்விட்டது. நான் பிரஸ்ஸில் காலண்டருக்காக எங்கேயோ வெளிநாட்டில் எடுத்த தோட்டப் படங்களை நாள் முழுக்கத் திருத்துவேன். அந்தப் படங்களில் ஒரு பூச்சி இருந்தால் அழித்துவிடச் சொல்வார்கள். இதை அக்காவிடம் சொன்னபோது, “பிறகு எப்பிடிக் காய்க்கும்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

இப்படியெல்லாம் எழுதினால் அவர் பார்த்ததெல்லாம் நன்மையில் முடிந்தது என்று தோன்றும். அப்படி இல்லை. கொய்யா விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அவரிடம் ஒரு கொய்யா மரம் இருந்தது. அதைப் பார்த்து நானும் ஆசைப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து நர்சரியிலிருந்து ஒரு கன்று வாங்கி வந்து வைத்தேன். அவருடைய மரத்தடியிலிருந்து வாய்க்கால் மாதிரி ஒரு கீறல் போட்டு என் கன்றுக்கும் அதே தண்ணீர் போனது. மூன்றாம் வருஷம் என் மரம் காய்த்தது. உள்ளே சிவப்பு. பிரஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலம் முடிகையில் அக்காவின் மரத்தில் ஒரு பக்கக் கிளை மட்டும் மஞ்சளாகியது. இலை சுருங்கி, கொப்பு நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. காய்கள் பழுக்காமல் கல்லாக இறுகின. ஏதோ வேலையாக ஊருக்குள் வந்த நர்சரிக்காரரை என் வீட்டுக்காரர் கூட்டிவந்து காட்டினார். அவர் அடிமரத்துப் பட்டையைக் கீறிப் பார்த்துவிட்டு, “வாடல் நோய். இதுக்கு மருந்து கிடையாது. வேரோட தோண்டி எரிச்சிருங்க. குழியில சுண்ணாம்பைப் போடுங்க. இல்லேன்னா மண்ணு வழியா அடுத்ததுக்குப் போயிரும்” என்றார்.

அக்கா தலையாட்டினார். நர்சரிக்காரர் போனபிறகு மரத்தடியில் உட்கார்ந்தார்.

“இந்தப் பக்கம் பச்சையாத்தான இருக்கு. கொஞ்சம் பாப்போம் தாயி.”

தினமும் வேலை முடிந்து வந்து பார்த்தார். எந்த இலை எப்போது மஞ்சளானது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இரண்டு மூன்று தரம் சொன்னேன். பாப்போம், பாப்போம் என்றார். கோடை தொடங்கும்போது அவருடைய மரம் முழுக்கக் காய்ந்தது. அப்போதுதான் அதை வெட்டி எடுத்தார். அடுத்த மழைக்கு என் மரத்தில் ஒரு பக்கக் கிளை மஞ்சளாகியது.

நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மரத்துக்காகவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மரத்துக்காகத்தான். நர்சரிக்காரர் சொன்ன அன்றைக்கே அக்கா கையில் மண்வெட்டியை எடுத்திருந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அக்கா தன் மரத்தின் குழியை இன்னும் ஆழமாகத் தோண்டி, மிச்ச வேரையெல்லாம் எடுத்து ஒரு சாக்கில் போட்டிருந்தார். இப்போது என் மரத்தடியில் நின்றுகொண்டு, தொடாமல், என் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனேன். இருவரும் சேர்ந்துதான் தோண்டினோம். வேர்ப்பட்டையை உரித்துக் காட்டினார். உள்ளே தவிட்டு நிறம்.

“பாக்கணும்னுதான் பாத்தேன் தாயி. அப்புறம் பாக்குறதுலயே ஒரு ருசி வந்துருச்சு. மரம் சாகுறதையும் உக்காந்து பாத்திருக்கேன்.”

சமாதானம் என்று வேறு எதையும் அவர் சொல்லவில்லை. நான் குழியில் சுண்ணாம்பைக் கொட்டினேன். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்துவிட்டோம். ஆனால் அவர் உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டால், முன்பெல்லாம் வருகிற சிரிப்பு எனக்கு வரவில்லை. லேசாக ஒரு பயம் வந்தது.

அதற்கு அப்புறம்தான் பப்பாளியில் மாவுப்பூச்சி வந்த வருஷம். தமிழ்நாடு முழுக்க வந்தது. பப்பாளி, செம்பருத்தி, முருங்கை, சாலையோரக் களை எல்லாவற்றிலும் கோலமாவைக் கரைத்துத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. தொட்டால் பிசுபிசுக்கும். அண்ணாச்சி மருந்து தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்ட ஓர் ஆளோடு வந்து நின்றார். அன்றைக்கு அக்கா பாப்போம் என்று சொல்லவில்லை. தன் பப்பாளி மூன்றையும் காலையிலேயே வெட்டிக் குழிக்குள் போட்டிருந்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. செம்பருத்தியின் முன்னால் மட்டும் அண்ணாச்சியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“அண்ணாச்சி, கண்ணாடியைப் போட்டுட்டு ஒரு நிமிசம் பாருங்க. எல்லா மாவும் உக்காந்திருக்கு. ஒண்ணு மட்டும் ஓடுது பாத்தீகளா?”

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். நானும் குனிந்தேன். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, பஞ்சுத்திரி போல ஒன்று நடந்துபோய் ஒரு மாவுப்பூச்சியின்மேல் வாயை வைத்தது.

“ஏம்மா, இதென்ன, தன் இனத்தையே திங்குது?”

“இனமில்ல அண்ணாச்சி. அதே சட்டையைப் போட்டிருக்கு. போன மாசம் இது வளந்து வண்டாயிப் போனதைப் பாத்தேன். கறுப்பு முதுகு, செம்பட்டைத் தலை.”

அண்ணாச்சி சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தெளிப்பான்காரரைப் பார்த்து, “இந்தச் செடியை விட்டுரு. மத்ததுல அடி” என்றார். அந்தச் செம்பருத்தி பிழைத்தது. காம்பவுண்டில் பப்பாளி என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இனி சொல்ல வேண்டியது அந்த ஆவணி மாதத்துப் பகல். பட்டாசுச் சீசன் உச்சத்தில் இருந்தது. அக்காவின் கம்பெனிக்கு அன்று வெடிமருந்து லோடு வரவில்லை என்று லீவு விட்டிருந்தார்கள். கரண்ட் இல்லாததால் எனக்கும் வேலை ஓடவில்லை, சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா கத்தரி நாற்றுக்கு நிழலாக ஓலை குத்திக்கொண்டிருந்தார். தரை ஒருதரம் அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் கேட்டது. புதுப்பட்டிப் பக்கத்தில் புகை எழுந்து நின்றது.

எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காம்பவுண்டுப் பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். எந்தக் கம்பெனி என்று தெரிவதற்கு முன்பே இரண்டு பேர் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கோ போன் வந்தது. செல்வி வேலை செய்கிற கம்பெனிதான்.

அக்கா கையிலிருந்த மண்ணைக் கழுவினார். உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். அழவில்லை. “எப்படி நிக்கிறா பாரு, கல்லு மாதிரி” என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

“பாத்துட்டு வாரேன்” என்றார். நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இடமில்லை. ஆம்புலன்ஸ் வர வர ஜனம் அதன் பின்னாலேயே ஓடியது. எங்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி எங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தாள். அக்காவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, “உம்புள்ள போயிட்டாளேக்கா, உள்ள கிடத்தியிருக்காகளே” என்று அலறினாள்.

அக்கா அவளைத் தன்மேலிருந்து மெதுவாக விலக்கினார்.

“முகத்தைப் பாத்தியா?”

“எப்பிடிக்கா பாக்க? மூடியிருக்காக. அதே பச்சைச் சுடிதாரு. காலையில வேன்ல ஏறும்போது பாத்தேனே, அதே பச்சை.”

“முகத்தைப் பாக்கலைல்ல?”

வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கடைசியில் பச்சைச் சுடிதார் தெரிந்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அக்கா மட்டும் நடந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். துணியை முகத்திலிருந்து விலக்கினார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு ஆடவில்லை, அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“எம்புள்ள இல்ல” என்றார் திரும்பாமல்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா வேறெதுவா என்று பிரிக்க முடியாத அழுகை. எழுந்து வருவார், மகளைத் தேடலாம் என்று காத்திருந்தேன். அவர் எழவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் வார்டு வார்டாக ஓடினேன். எலும்பு முறிவு வார்டுப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் செல்வி உட்கார்ந்திருந்தாள். இடது கை தொங்கியது. வெடித்த சத்தத்தில் காது அடைத்துப்போய் நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்த்து, “அம்மா எங்க?” என்று மட்டும் சத்தமாகக் கேட்டாள். வெடித்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருக்கிறாள். சுவர் விழுந்து கையில் பட்டிருக்கிறது.

நான் திரும்ப ஓடிவந்தேன்.

“அக்கா, செல்வி இருக்கா. கைதான் ஒடிஞ்சிருக்கு. வாங்க.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்க்கா. தொட்டுப் பேசிட்டு வாரேன்.”

அக்கா கண்ணை மூடித் திறந்தார். “அப்பச் சரி. நீ போயி அவகூட இரு தாயி. இந்தப் புள்ளைக்கு இன்னும் ஆளு வரல. ஆளு வரவும் நான் வாரேன்.”

எனக்குப் புரியவில்லை. சொந்த மகள் அடுத்த கட்டடத்தில் வலியில் துடிக்கிறாள், இவர் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் செல்வியிடம் போய் உட்கார்ந்தபிறகு இன்னொன்று உறைத்தது. தான் கண்ணால் பார்க்காத ஒன்றை, இன்னொருத்தி பார்த்தாள் என்பதற்காக அவர் ஏற்றுக்கொண்டதை அதற்குமுன் நான் கண்டதில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அந்தப் பெண்ணின் அண்ணனும் மாமாவும் வந்தார்களாம். வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அதன்பிறகு அக்கா வந்து செல்வியின் தலைமாட்டில் நின்றார். மாவுக்கட்டுப் போட்ட கையை, காதை, நெற்றியை, பாதத்தை எல்லாம் பார்த்தார். அதன் பிறகே அழுதார். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். செல்விக்கு அது கேட்கவில்லை. எல்லோரும் ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அந்த வருஷம் தீபாவளி வந்து போனது. மழை பிடித்தது. மதிலோரம் தும்பை இடுப்புயரம் நின்றது. ஒரு முற்பகல், மழை விட்டிருந்த நேரம், வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய வயது. நனைந்த குடையை மடித்துக் கையில் பிடித்திருந்தார். கூட வந்த பையன் கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றுவிட்டான்.

“ஆஸ்பத்திரியில எம்மக பக்கத்துல இருந்தது நீங்கதானா?” என்று என்னிடம் கேட்டார். நான் பின்பக்கம் கூட்டிப் போனேன். அக்கா அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, துணி துவைக்கிற கல்லைத் துடைத்து, “உக்காருங்கம்மா” என்றார். தான் தரையில் உட்கார்ந்தார்.

அந்த அம்மா மதிலோரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தும்பைமேல் ஏதோ சின்னச் சின்னப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

“என்னையக் காட்டல” என்றார் கடைசியில். “பெத்தவ பாத்தாத் தாங்க மாட்டான்னு பொட்டலமாக் கட்டி நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிட்டாக. எல்லாரும் தூங்குற மாதிரி இருந்தான்னு சொல்றாக. பாத்த மாதிரி ஒருத்தரும் சொல்லல. நீங்க ரொம்ப நேரம் பக்கத்துல இருந்ததா எம்மகன் சொன்னான். எம்புள்ள முகம் எப்பிடி இருந்துச்சு?”

நான் அக்காவின் தோளைத் தொட்டேன். ஏதாவது நல்லதாகச் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

“தூங்குற மாதிரி இல்லம்மா. வாய் கொஞ்சம் திறந்திருந்துச்சு. யாரையோ கூப்பிட வந்த மாதிரி இருந்துச்சு.”

அந்த அம்மா குடைக்கம்பை இறுக்கிப் பிடித்தார்.

“முகத்துல தீ படல. பின்மண்டையிலதான் அடி. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து.”

“ஆமா.”

“இடது புருவத்துல ஒரு தளும்பு. பளசு.”

“அம்மிக்கல்லுல விழுந்தா. நடக்கப் பளகும்போது.”

“மூக்குல ஒத்தைக்கல் மூக்குத்தி. ஒரு காதுல கம்மல் இல்ல. தலை எண்ணெய் வச்சுச் சீவி இருந்துச்சு, வகிடு நேரா. நெத்தியில சிவப்புப் பொட்டு, அழியவே இல்ல. அதுக்குக் கீள சின்னதா ஒரு கறுப்புப் பொட்டு.”

அந்த அம்மாவின் கையிலிருந்து குடை விழுந்தது.

“அது நான் வச்சது. அவ சாந்துப் பொட்டே வச்சுக்கிட மாட்டா. அன்னைக்கித் தலை சீவிவிட்டுட்டு, கண்ணு படும்னு நாந்தான் வச்சேன். போற வழியில அழிச்சிருவான்னு நெனச்சேன்.”

“அழிக்கலம்மா. இருந்துச்சு. நான் பாத்தேன்.”

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தார். உடம்பு குலுங்கியது. எங்கள் வீட்டுப் பிள்ளையே செத்த மாதிரி நானும் அழுதேன். அக்கா அவரைத் தொடவோ தேற்றவோ இல்லை. அழுது நிமிர்கிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, குடையை எடுத்து மண்ணைத் துடைத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

“இன்னும் சொல்லவாம்மா?”

“சொல்லுங்க” என்றார் அந்த அம்மா. “எல்லாத்தையும் சொல்லுங்க.”

நான் டீ போட உள்ளே போனேன். பால் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. நிதானமாக, ஒன்றையும் விடாமல், அந்தப் பெண்ணின் கைவிரல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.